ஒத்தை கியரும் கூடை வண்டியும்

இவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது. குடிக்க மாட்டார். வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. வீட்டில் கை நீட்டியதில்லை. அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துவிட்டது. மீதி இருப்பதெல்லாம் சைக்கிள்.

அதுவும் சாதாரண சைக்கிள் இல்லை. சைக்கிள் என்றதும் நமக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வருமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு மிச்சம் வைத்த ஒன்று. கியர் கிடையாது. மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர், பெல் எதுவும் கிடையாது. பிரேக்கும் கிடையாது. நம்முடைய வண்டிகளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும், கால் சும்மா இருக்கும். இவருடைய வண்டியில் பின்பக்கத்துப் பல்சக்கரம் சக்கரத்தோடு அசையாமல் இறுக்கப்பட்டிருந்தது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆக வேண்டும். இறக்கத்தில்கூடக் காலுக்கு ஓய்வில்லை. நிறுத்த வேண்டுமென்றால், சுற்றி வரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தி, வண்டியோடு மல்லுக்கட்டித்தான் நிறுத்த வேண்டும். இதில் என்ன சுகம் என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் உண்டு.

தெருவில் அவருக்கு ஒத்தை கியர் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் சைக்கிளை மட்டும் பார்த்து வைத்ததாகத் தோன்றவில்லை. அவரோ ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி அதை வாங்கிக்கொண்டார்.

ஒத்தை கியருக்கு உத்தியோகம், லிஃப்ட் பரிசோதனை. ஆஸ்பத்திரி, அலுவலகம், சரக்குக் கிடங்கு என்று எங்கெல்லாம் லிஃப்ட் ஓடுகிறதோ அங்கெல்லாம் போவார். கயிற்றைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், முக்கியமாகப் பிரேக்கைப் பார்ப்பார். கடைசியில் "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் வாயால் சொன்னால்தான் அந்த லிஃப்டில் ஆள் ஏறலாம். ஆமாம், பிரேக். பகல் முழுக்க ஊரார் பிரேக்கைச் சோதித்துவிட்டு, சாயங்காலம் பிரேக்கே இல்லாத வண்டியில் ஏறி வீட்டுக்கு வருகிற மனுஷன். கல்யாணமான புதிதில் மனைவி இதைக் கேட்டாள்.

"ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் பிரேக் பாக்கறீங்க. உங்க வண்டிக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?"

"லிஃப்டுக்குக் கால் இருக்கா?" என்றார் அவர்.

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

அவருக்கு உலகத்தில் யாரையும் பிடிக்காது என்று சொன்னால் அது தப்பு. யாரையும் மதிக்க மாட்டார், அவ்வளவுதான். கியர் சைக்கிள் ஓட்டுபவர்கள் அவருக்குச் சோம்பேறிகள். மேடு வந்ததும் பல்லை மாற்றிக்கொண்டு தப்பிப்பவர்கள். கியர் இல்லாத சாதா சைக்கிள் ஓட்டுபவர்கள் சும்மா உட்கார்ந்து போகிறவர்கள். கார்காரர்களைப் பற்றி அவர் பேசவே மாட்டார், முகத்தை மட்டும் சுளிப்பார். சரி, தன்னைப் போலவே வண்டி வைத்திருப்பவர்களையாவது விட்டுவைத்தாரா என்றால் அதுவும் இல்லை. விடுமுறை நாட்களில் சேர்ந்து ஓட்ட ஒரு கூட்டம் இருந்தது. அதில் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. அவர் முன்சக்கரத்துக்கு மட்டும் சின்னதாக ஒரு பிரேக் மாட்டிக்கொண்டு வந்தார். ஒத்தை கியர் அந்தப் பிரேக்கையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பயம் வந்துட்டா வீட்லயே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பியவர்தான், அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் போகவே இல்லை. கூட்டம் அவரைத் தேடி வரவும் இல்லை.

சிக்னலில் அவர் செய்யும் கூத்து தனி. சிவப்பு விழுந்தால் எல்லோரும் காலை ஊன்றுவார்கள். இவர் ஊன்ற மாட்டார். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் திருப்பி, பெடலை இம்மி முன்னும் இம்மி பின்னும் அசைத்து, நின்ற இடத்திலேயே விழாமல் நிற்பார். பக்கத்தில் பஸ் ஸ்டாப் இருந்தால் இன்னும் விசேஷம். எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள் என்பது அவர் எண்ணம். ஒரு நாள் வரிசையில் நின்ற ஒரு பெண்மணி பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்னப்பா, எறங்க முடியலையா? நான் பிடிச்சுக்கட்டுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. சொன்னால் விழுந்துவிடுவார்.

வீடு நாலாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமைய முடியாது. ஆனால் அவர் தன் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார். அவ்வளவு லேசான வண்டி என்று நாலு மாடிக்காரர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? மேலே போனதும் ஹாலில், சோபாவுக்கு மேலே சுவரில் அடித்த பெரிய கொக்கியில் அதை மாட்டுவார். அந்த இடத்தில் முன்பு அவர்கள் கல்யாணப் போட்டோ இருந்தது. இப்போது அது பீரோவுக்குள் போர்வைகளுக்கு நடுவே இருக்கிறது. கொக்கியை அடித்த அன்று அவர் அதில் இரண்டு கையாலும் தொங்கிக் காட்டினார்.

"இதுல லிஃப்டையே தொங்கவிடலாம், தெரியுமா?"

மனைவி தலையாட்டினாள். அவள் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். அவள் ஊசி போட்டால் குழந்தைகள்கூட அழுவதில்லை என்று அங்கே பேர். விரலால் தடவியே நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கும் ஒரு சைக்கிள் உண்டு. கனமான இரும்பு வண்டி, அகலமான சீட், முன்னால் கம்பிக் கூடை, இரண்டு பிரேக். அதில்தான் தினமும் வேலைக்குப் போனாள், வரும்போது காய்கறி வாங்கி வந்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளாக வாங்கிய வண்டி. அவர் அதற்குக் கூடை வண்டி என்று பேர் வைத்து, கீழே படிக்கட்டுக்கு அடியில் கிடக்கவிட்டார்.

"அது சைக்கிள் இல்ல, ஷாப்பிங் பை. சக்கரம் வெச்சது" என்பார், யாராவது வீட்டுக்கு வந்தால்.

வீட்டுக்கு அடிக்கடி வந்தவன் ஒருவன்தான், அவர் மச்சினன். அக்காவுக்கு ஒரே தம்பி. ஏதோ அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். அவன் வாங்கியதோ அடுக்கடுக்காகக் கியர் வைத்த வண்டி. ஹெல்மெட் போடுவான், கையுறை போடுவான், பளபளக்கும் சட்டை போடுவான், திரும்புவதற்கு முன்னால் கை காட்டுவான். ஒத்தை கியருக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"என்னடா, சர்க்கஸுக்கா கெளம்பிட்டே?" என்பார்.

"போங்க அத்தான்" என்று சிரித்துவிட்டு அவன் அக்காவின் வண்டியைப் பார்க்கக் கீழே போய்விடுவான். செயினுக்கு எண்ணெய் விடுவான், காற்று பார்ப்பான். போன மாதம் பழைய பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன என்று முன்னுக்கும் பின்னுக்கும் புதிதாக வாங்கி வந்து அவனே மாட்டினான். மேலே ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், ஷாப்பிங் பைக்குப் பிரேக் போடுறான் பார் என்று சத்தமாகவே சொன்னார்.

சொல்லிக்கொண்டு போனால் இவருடைய பெருமைகள் வளரும். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம். தெரு மேட்டிலிருந்து கட்டட கேட்டை நோக்கி இறங்கும். அவர் வேலை முடிந்து வரும்போது மனைவி சில நாள் கேட்டருகே நிற்பாள். ஒத்தை கியர் மேட்டிலிருந்து நேரே அவளைப் பார்த்தே வேகமாக வருவார். கடைசி நேரத்தில் காலை எதிர்த்து அழுத்துவார். டயர் தேய்ந்து சத்தம் போடும். முன்சக்கரம் அவள் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் வந்து நிற்கும். முதல் தடவை அவள் அலறிக்கொண்டு விலகினாள். அவர் கோபித்துக்கொண்டார்.

"நகரக் கூடாது. நான் கணக்குப் பண்ணி வர்றேன். நீ நகர்ந்தாத்தான் இடிக்கும்."

நாளாவட்டத்தில் அவள் நகராமல் நிற்கப் பழகிக்கொண்டாள். கேட்டுக்கு எதிரே இருக்கும் தையல்கடைக்காரர் கடை வாசலிலிருந்து இதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மனைவியை இதைவிட மோசமாக எதற்குப் பழக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று அவருக்கு லீவு. அவளுக்குப் பகல் ஷிஃப்ட். காலையில் பார்த்தால் அவருடைய வண்டியின் பின்டயர் சப்பையாகக் கிடந்தது. ட்யூப் போய்விட்டது. அதற்குரிய ஒல்லி ட்யூப் மேட்டுத்தெருக் கடையில்தான் கிடைக்கும். நடந்து போகலாம், பக்கம்தான். ஆனால் ஒத்தை கியர் நடப்பாரா?

"ஒன் வண்டியக் குடு. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சுங்க."

"நீ கேட்டுக்கு எறங்கி வர்றதுக்குள்ள நான் வந்திருப்பேன். அந்த ஷாப்பிங் பைய வெச்சுக்கிட்டு நான் என்ன ஊர்கோலமா போகப்போறேன்?"

போனார். ட்யூபை வாங்கிக் கூடைக்குள் போட்டார். திரும்பும்போது மேட்டில் ஏறி உட்கார்ந்து இறக்கத்தில் விட்டார். சீட்டு நாற்காலி மாதிரி இருக்கிறது, கூடை கடகடக்கிறது, இதில் ஒரு மனுஷி தினமும் போகிறாளே என்று இளக்காரமாக நினைத்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே வந்தார். கீழே கேட்டருகே அவள் யூனிஃபார்மில், தோளில் பையோடு நின்றாள். அவர் நேரே அவளைப் பார்த்து வந்தார். எப்போதும் போல, கடைசி நேரத்தில் காலை எதிர்த்து அழுத்தினார்.

பெடல் பின்பக்கமாகக் கரகரவென்று சுற்றியது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்கு வந்தது. இன்னும் பலமாக அழுத்தினார். இன்னும் வேகமாகப் பின்னால் சுற்றியது. பிரேக் இரண்டும் அவர் விரல்களுக்கு அடியிலேயே இருந்தன. விரலை மடக்கினால் போதும். வருஷக்கணக்கில் பிரேக்கை ஏளனம் செய்த விரல்கள், மடங்கவில்லை. நீட்டிக்கொண்டே வந்தன.

அவள் நகரவில்லை. நகரக் கூடாது என்றுதானே சொல்லிக் கொடுத்திருந்தார்?

கூடை அவள் இடுப்பில் இடித்தது. அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். மேலே வண்டி, அதற்கும் மேலே இவர். தையல்கடைக்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்தார்.

"ஐயோ, என்னாச்சு சார்?"

மனைவியைத் தூக்குவதற்கு முன்னால், அடிபட்டதா என்று கேட்பதற்கு முன்னால், ஒத்தை கியர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"பிரேக் பிடிக்கல."

இந்த இடத்தில் அவருடைய தொழில்ஞானத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிடங்குகளில் அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றிவிட்டு, லிஃப்ட் நழுவியதும் "பிரேக் பிடிக்கல சார்" என்று பழியைத் தூக்கிப் போடுவார்கள். அவர் அதைக் கேட்டுவிட்டு வந்து சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "பிரேக் பிடிக்கலன்னு சொல்றவன்ல முக்கால்வாசிப் பேர் புளுகுறான். அதுக்கு ஒரே டெஸ்ட்தான். பிரேக்கப் பிடிக்கவிட்டு பாரத்தக் குடுத்துப் பாக்கணும். நழுவினா பிரேக் மேல தப்பு. நழுவலன்னா சொன்னவன் மேல தப்பு." மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறாள், எத்தனையோ தடவை.

மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருந்தது. அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போட்டார்கள். அவளோடு வேலை செய்யும் பெண்கள் சுற்றி நின்று கேட்டபோது அவர் விவரமாகவே அள்ளிவிட்டார். பிரேக் கட்டை சரியாக உட்காரவில்லையாம், ரிம்மில் வழுக்கிவிட்டதாம், தான் எவ்வளவோ அழுத்தினாராம். அவள் கட்டிலில் படுத்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கட்டைப் பிரித்த பிறகுதான் விரல்கள் பழையபடி வருமா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். நரம்பைத் தடவிப் பார்க்கிற விரல்கள் அவை. அந்தப் பயத்தோடு அவள் வீட்டுக்கு வந்தாள்.

படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி விசாரித்தார்கள். முதல் மாடி டீச்சரிடம், இரண்டாம் மாடியில் ரிட்டயரான போஸ்ட்மாஸ்டரிடம், மூன்றாம் மாடிக்காரியிடம், எல்லாரிடமும் பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னார். லிஃப்டுக்கே பிரேக் பார்க்கிறவர் சொல்லும்போது யார் மறுபேச்சுப் பேசுவார்கள்? மூன்றாம் மாடிக்குள் அவருக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

அவள் மட்டும் அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சாப்பாட்டை ஊட்டிவிட வந்தபோது சொல்வார் என்று பார்த்தாள். தலையணையைச் சரிசெய்தபோது சொல்வார் என்று பார்த்தாள். அவர் புது ட்யூபை மாட்டி, காற்றடித்து, வண்டியைத் துடைத்துக் கொக்கியில் மாட்டினார். அப்போதும் சொல்லவில்லை. உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. உறுத்தியபோதெல்லாம் துணியை எடுத்து அந்த வண்டியை இன்னொரு தரம் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். சைக்கிளில் வரவில்லை. ஹெல்மெட் இல்லை, பளபளக்கும் சட்டை இல்லை. முகம் வீங்கியிருந்தது. நேரே அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"நான்தான்கா மாட்டினேன். கட்டைய நான்தான் மாட்டினேன். சரியாத்தான் முடுக்கினேன்னு நெனச்சேன்..."

வளர்ந்த ஆண்பிள்ளை, சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதான். அக்கா கையைப் பார்ப்பதும் முகத்தை மூடிக்கொள்வதுமாக இருந்தான். முந்தின நாள் முழுக்க அவன் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போதாவது ஒரு மனுஷன் வாயைத் திறக்க வேண்டுமா இல்லையா? திறந்தார். எழுந்து வந்து மச்சினன் தோளில் கை வைத்தார்.

"விடுடா. யாருக்கும் நடக்கறதுதான். நான் ஒன்னும் மனசுல வெச்சுக்கல. இனிமே தெரியாத வேலையத் தொடாத, அவ்வளவுதான்."

மன்னித்துவிட்டார்! இடித்தவர் இவர், புளுகியவர் இவர், மன்னித்ததும் இவர். சொல்லி முடித்ததும் அவருக்குத் தன் பெருந்தன்மையை நினைத்து லேசாகக் கண்கூடக் கலங்கியது. கேட்டவனோ அந்த மன்னிப்பைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டான்.

"அந்த வண்டி இனி வேணாங்க்கா. இன்னிக்கே கொண்டுபோய்ப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடறேன். அதப் பாத்தா எனக்கு..."

"அதான் சரி. போட்டுடு" என்றார் ஒத்தை கியர் அவசரமாக. வண்டி போய்விட்டால் எல்லாமே போய்விடும் அல்லவா?

அவள் எழுந்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"ரெண்டு பேரும் கீழ வாங்க."

"எதுக்கு? நீ எதுக்குப் படியெறங்கற?" என்றார் அவர்.

"வாங்கன்னா வாங்க."

கீழே படிக்கட்டுக்கு அடியில் கூடை நசுங்கி வண்டி சாய்ந்து கிடந்தது. அதை வெளியே எடுத்து வரச் சொன்னாள். தம்பி எடுத்து வந்தான். அவள் இடது கையால் முன் பிரேக்கைப் பிடித்தாள்.

"இப்ப தள்ளுங்க" என்றாள் கணவனிடம்.

"என்ன வெளையாட்டு இது?"

"பிரேக்கப் பிடிக்கவிட்டு பாரத்தக் குடுத்துப் பாக்கணும்னு சொல்லுவீங்கல்ல. குடுங்க."

தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஒத்தை கியர் சீட்டில் கை வைத்து லேசாகத் தள்ளினார். வண்டி அசையவில்லை.

"பலமாத் தள்ளுங்க. எம் மேல வந்த மாதிரி தள்ளுங்க."

தள்ளினார். முன்சக்கரம் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. இன்னும் தள்ளியபோது பின்சக்கரம் மேலே எழும்பியது, முன்சக்கரம் நகரவில்லை. ஊனமான கூடை மட்டும் கடகடத்தது. எழும்பிய சக்கரத்தை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் தையல்கடைக்காரரைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார். மச்சினனை மட்டும் பார்க்கவில்லை.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் மிடுக்காகச் சொன்ன வார்த்தை.

"அப்புறம்?"

"நான்தான் பிடிக்கல."

"விரல் பத்தும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கால் பின்னாடி சுத்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்" என்றாள் அவள் தம்பியிடம். "நீங்க நிறுத்துவீங்கன்னுதான் நின்னேன்" என்றாள் இவரிடம். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

மச்சினன் அவரைத் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். திட்டியவனைத் திருப்பித் திட்டலாம். அவன் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை அவரை ஏறிட்டுப் பார்த்தான். மேடு ஏற முடியாமல் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்களை இவர் இளக்காரமாகப் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு குனிந்து கூடையின் நசுங்கிய கம்பிகளைக் கையால் நிமிர்த்த ஆரம்பித்தான்.

"விடுடா, அவர் கொண்டு வருவார்" என்றாள் அக்கா. "வண்டி இனிமே மேல இருக்கட்டும். தூக்குங்க."

"இதையா? நாலு மாடிக்கா?"

அவள் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்து வழிவிட்டாள். ஒத்தை கியர் கூடை வண்டியைத் தோளில் ஏற்றினார். இரும்பு தோளில் பதிந்தது. பெடல் முழங்காலில் இடித்தது. முதல் மாடியில் டீச்சர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடடே, இதானா அந்த வண்டி? பிரேக் பிடிக்காம போச்சே, அதுவா?"

அவர் பேசாமல் ஏறப் பார்த்தார். பின்னாலிருந்து மனைவி லேசாக இருமினாள்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார் மூச்சு வாங்க. "நான்தான் பிடிக்கல."

இரண்டாம் மாடியில் போஸ்ட்மாஸ்டருக்குக் காது மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, இரண்டாவது தடவை கத்தி. "அப்ப அன்னிக்கு வேற மாதிரி சொன்னீங்களே?" என்று அவர் கேட்டதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் மாடியில் கதவு சாத்தியிருந்தது. அப்பாடா என்று இரண்டு படி தாவினார். பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மனைவி அங்கேயே நின்றுவிட்டாள், அவர் தோளில் வண்டியோடு திரும்பி இறங்கி வந்தார்.

வீட்டுக்குள் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹாலில் வண்டியை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"கொக்கி தாங்காது" என்றார்.

"லிஃப்டையே தொங்கவிடலாம்னீங்களே."

அவர் தன் வண்டியை எடுத்துக் கீழே வைத்தார். கூடை வண்டியை மச்சினனும் அவருமாகத் தூக்கி மாட்டினார்கள். கொக்கி தாங்கியது. கூடை சோபாவுக்கு மேலே கோணலாகத் தொங்கியது. அவள் அதன் அடியில் போய் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஒத்தை கியர் ஹால் நடுவே தன் வண்டியோடு நின்றார். சுவரில் சாய்த்தால் பெயின்ட் கெடும் என்று அவரே ஒரு காலத்தில் போட்ட சட்டம் இருந்தது.

"இத எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

"நிறுத்தி வைங்க" என்றாள்.

"இதுக்கு ஸ்டாண்டு கிடையாதே."

"அப்ப பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

அவர் பிடித்துக்கொண்டு நின்றார்.